தங்க வயல் காவல் படையில் ஒரு கட்டாய வருஷம்

உடுப்பு மாட்டிக்கொண்டு சும்மா நிற்பதற்குப் பெயர்தான் காவல் உத்தியோகம். சும்மா நிற்பது எத்தனை சிரமம் என்பது உடுப்பு மாட்டியவர்களுக்கு மட்டுமே தெரியும். உங்களில் யாராவது, விரும்பியோ விரும்பாமலோ, பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையோடு என்றைக்காவது வெயிலில் நின்றிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இது நம் ஆட்களுக்குள் பேசிக்கொள்கிற விஷயம்.

கோலார் தங்க வயலுக்கு ரயில் வந்து சில வருஷம் ஆன பிறகு நான் அங்கே போனேன். பௌரிங்பேட்டையில் வண்டி மாறி, கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு சுரங்கத்தில் ஆட்களின் வருகையைக் குறிக்கிற டைம் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சுரங்கத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. பூமிக்கு மேலே வேலை செய்கிறவன், உடம்பில் குறையில்லாதவன், கம்பெனியின் காவல் படையில் ஒரு வருஷம் இருந்தே ஆக வேண்டும். தங்கம் எடுக்கிற இடம், பட்டாளமோ பெங்களூரில் இருக்கிறது, அவசரத்துக்குக் கைவசம் நாலு துப்பாக்கி இருக்கட்டும் என்று துரைமார்கள் நினைத்திருப்பார்கள். மாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடும். மற்றவர்கள் எல்லாரும் இதை அம்மை வார்த்த மாதிரி நினைத்துக்கொண்டு வந்தார்கள், ஒரு தடவை வந்து போய்விட்டால் மறுபடி வராது என்று. நான் ஒருத்தன்தான் ஆசைப்பட்டுப் போனவன்.

காரணம் உண்டு. என் அப்பா வேலூரில் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகள்கூட வரிசை பிசகாமல் நிற்கும். எனக்கும் பட்டாளம் என்றால் உயிர். இரண்டு தடவை பெங்களூர் போய், மார்பளவு போதவில்லை என்று திரும்பி வந்திருந்தேன். ஒரு வெள்ளைக்கார அதிகாரி சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் அந்தக் குறையைக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று சொன்னார்கள். எங்கள் காவல் படையைப் பார்வையிட வருஷத்துக்கு ஒரு தடவை பெங்களூரிலிருந்து ஒரு கர்னல் துரை வருவார். நல்ல சிப்பாய் என்று அவர் மனசில் பட்டவனுக்கு அந்தக் கடிதம் கிடைக்கும். படை நன்றாக இருந்தால் அவர் நின்று பார்ப்பார். நின்று பார்த்தால் என்னைப் பார்ப்பார். படை எப்படி இருந்தது என்பதை இனிமேல் சொல்கிறேன்.

முதல் சல்யூட்

தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டின் அடியில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் எங்கள் படைவீடு. முதல் நாள், கஞ்சி போட்ட உடுப்பில், பார்க்கிறவர்கள் பயப்படும்படி விறைப்பாகப் போய் நின்றேன். ஹவில்தார் முனிரத்தினம் அரிவாள்மணையில் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது, தொந்தி, தலையில் முண்டாசு. உடுப்புச் சட்டை ஆணியில் தொங்கியது. மனிதர் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. உலைக்கூடத்தில் பாறை துளைக்கிற உளிகளுக்குக் கூர் தீட்டிக்கொண்டிருந்தவர். கண்ணுக்கு அந்தப் புகை ஆகாமல் போனதும் சுரங்கத்துத் துரை அவரை ஹவில்தார் ஆக்கிவிட்டார். மற்றவர்களுக்கு ஒரு வருஷம், அவருக்கு மட்டும் நிரந்தரம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. குதிகால் இரண்டும் மோதுகிற சத்தம் கேட்கும்படி நிமிர்ந்து, காலைத் தூக்கித் தரையில் அடித்து, அப்பா வைக்கிற மாதிரி ஒரு சல்யூட் வைத்தேன். கிளம்பிய புழுதி நேராகக் கத்திரிக்காய் மேல் போய் இறங்கியது. ஹவில்தார் கோபித்துக்கொள்ளவில்லை. ஊதிப் பார்த்தார், போகவில்லை. பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னாத்துக்கு நைனா தரைய அடிக்கிறே, அது உன்ன இன்னா பண்ணுச்சு? குந்து. கத்திரிக்கா கழுவ வருமா உனக்கு?"

ஏழாம் நம்பர் துப்பாக்கி

எங்களுக்குப் பன்னிரண்டு துப்பாக்கிகள். பட்டாளத்தில் கழித்துப் போட்டவை. குழல் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, ஓர் இரும்புக் குச்சியால் இடித்து இறுக்குகிற பழைய ரகம். முனையில் மாட்டுகிற கத்திகளில் பாதி கரி பிடித்திருந்தன. சோளக்கதிர் சுடுவதற்கு அதைவிட வசதியான சாமான் கிடையாது என்றார்கள். எனக்கு ஏழாம் நம்பர். எண்ணெய் போட்டுத் துடைத்து, அடுக்கிப் பார்த்தால் இடிக்கிற இரும்புக் குச்சியைக் காணோம். குச்சி இல்லாத துப்பாக்கி வெறும் குழாய். ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். கடைசியில் சின்னப்பன், தச்சுக்கூடத்திலிருந்து வந்தவன், எந்த விஷயத்தையும் ஒளிக்கத் தெரியாதவன், "ஹவில்தார் வூட்ல கேட்டுப் பாரு" என்றான்.

போனேன். வாசலில் நின்று, கம்பெனிச் சொத்து, சிப்பாயின் உயிர், என்று ஆரம்பித்தேன். ஹவில்தாரின் சம்சாரம் உதட்டில் விரலை வைத்து உள்ளே காட்டினார். உத்தரத்திலிருந்து புடவைத் தூளி தொங்கியது. துணி மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பு கொடுப்பார்களே, அந்த இடத்தில் என் ஏழாம் நம்பர் குச்சி பளபளவென்று இருந்தது. படையிலேயே துருப்பிடிக்காத ஆயுதம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"மெதுவா பேசுப்பா, இப்பத்தான் கண்ணு மூடுச்சு. சண்டை வந்தா சொல்லி அனுப்பு, புள்ளைய எடுத்துட்டு உடனே குடுத்தனுப்பறேன்."

டோக்கன் டிரில்

சுரங்கத்தில் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் உண்டு, அதில் அவன் நம்பர் வெட்டியிருக்கும். வேலைக்கு வந்தவன் அதைப் பலகையில் மாட்டுவான். எத்தனை டோக்கன் தொங்குகிறதோ அத்தனை பேர் வேலையில் இருப்பதாக அர்த்தம். எங்கள் காலை டிரில்லுக்கும் அதே ஏற்பாடுதான். தேவசகாயம் என்று ஒருவன், ஸ்டோரிலிருந்து வந்தவன், கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன், என்னைத் தவிர நேரத்தில் எழுந்திருக்கிற ஒரே ஆள். அவன் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லாருடைய டோக்கனையும் வாங்கி முடிந்துகொண்டு வந்து வரிசையாக மாட்டிவிடுவான். மைதானத்தில் நானும் அவனும், சில நாள் சின்னப்பனும். பலகையில் மட்டும் பன்னிரண்டு. ஹவில்தார் பலகையைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டுவார்.

"ஆள் இல்லையே ஐயா" என்று முதல் வாரமே கேட்டேன். "டோக்கன் வந்துடுச்சே" என்றார், அதற்கு மேல் அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை என்பது போல. ஒரு தடவை எனக்கு நாலு நாள் காய்ச்சல். கம்பளிக்குள் சுருண்டு கிடந்தேன். தேவசகாயம் என் டோக்கனையும் கொண்டுபோய் மாட்டியிருக்கிறான். ஐந்தாம் நாள் தள்ளாடிக்கொண்டு போனபோது ஹவில்தார் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். என்னை அவர்கள் கேலியாக, ஹவில்தாருக்கும் மேலான 'சுபேதார்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"வாங்க சுபேதாரே. இந்த நாலு நாளா டிரில்லுல உங்கள மாதிரி அசையாம, வாயத் தொறக்காம, ஒருத்தரும் நிக்கல."

மேலே, கீழே, நில்

டிரில் உத்தரவுகள் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஹவில்தாருக்கு அது பழக்கமில்லை, பியூகிள் ஊதவும் ஆள் இல்லை. ஆகவே வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடிப்பார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற குழியான சாஃப்டில் கூண்டு ஓட்டுகிறவனுக்கு மணிதான் பாஷை: ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஏற்று. தங்க வயலில் பிறந்த குழந்தைகூட எழுத்துக்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்ளும். எங்கள் படையும் அப்படியே. இரண்டு அடிக்கு வந்தவர்கள் உட்காருவார்கள், மூன்று அடிக்கு எழுந்திருப்பார்கள், ஒற்றை அடிக்கு எப்படி இருக்கிறார்களோ அப்படியே நின்றுவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஏற்பாட்டில் இடது கிடையாது, வலது கிடையாது.

எனக்குப் பொறுக்கவில்லை. "எதிரி கிழக்குப் பக்கமாக வந்தால் என்ன செய்வீர்கள்? திரும்பவே தெரியாத படையை எங்கே கொண்டுபோய் வைப்பது?" என்று ஒரு நாள் சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஹவில்தார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது. எந்தக் கேள்வியையும் தட்டிக்கழிக்க மாட்டார்.

"வர்றவன் எங்க சுத்தினாலும் சாஃப்ட் வாய்க்குத்தானே வந்தாவணும், தங்கம் அங்கதானே இருக்குது? நாம அதப் பாத்துத்தான் நின்னுகினு இருக்கோம். இன்னாத்துக்குத் திரும்பணும்?"

முண்டாசுச் சோதனை

ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களைச் சோதிப்பது எங்கள் வேலையில் முக்கியமானது. பாறைத் துண்டில் தங்கம் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. சட்டப்படி முண்டாசு, இடுப்புத் துணி, வாய், கஞ்சிச் சட்டி எல்லாம் பார்க்க வேண்டும். சின்னப்பன் பார்க்கிற விதம் வேறு. "பொண்ணுக்கு ஒடம்பு தேவலையா?" என்பான். "தேவல" என்பார் வருகிறவர். "எதுனா வச்சினு இருக்கியா?" "இல்லப்பா." "சரி, போய் வா." முடிந்தது சோதனை. அவன் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும், என் வரிசை திருவிழாக் கூட்டம் மாதிரி தேங்கி நிற்கும்.

ஒரு நாள் பொன்னுசாமி என்கிற பெரியவரின் முண்டாசைப் பிரித்தேன். எட்டு முழம் இருக்கும். நடுவில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. காகிதத்தில் மடித்துப் பத்திரமாகச் செருகியிருந்தது. கர்னல் துரை, கடிதம், பட்டாளம், எல்லாம் கண்முன் வந்தது. ஹவில்தாரைக் கூப்பிட்டு, வரிசை முழுக்கப் பார்க்க, பிரித்தேன். உள்ளே ஒரு பிஸ்கோத்து. வெள்ளைக்கார மேஸ்திரி கொடுத்ததாம். கூட இருப்பவர்கள் பங்கு கேட்பார்களே என்று மறைத்து வைத்தாராம். வரிசையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. பொன்னுசாமி என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினார்.

"புடிச்சிட்டே சாமி, நீ கெட்டிக்காரன். பாதி நீ எடுத்துக்க, பாதிய நொறுங்காம குடு, எம் பொண்ணு காத்துகினு இருக்கும்."

குறி

குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு ஆளுக்கு மூன்று குண்டு அனுமதி. மண்மேட்டின் மேல் ஒரு தகரத்தைச் சாய்த்து, நடுவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கும். ஹவில்தார் சுடுவதற்கு முன்னால் அக்கம்பக்கம் முழுக்க ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார். துணி காயப் போட்டவர்கள், வரட்டி தட்டுகிறவர்கள், எல்லாரும் விலகிய பிறகுதான் முதல் குண்டு. அன்றைக்கு முப்பத்தாறு குண்டும் போயின. தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லிவிட்டுச் சுட்டான். பக்கத்து ஆளின் குச்சியை வாங்கி இடித்துச் சுட்ட என்னுடைய மூன்றும் நேராகத்தான் போனதாக எனக்கு ஞாபகம். புகை அடங்கியதும் போய்ப் பார்த்தோம். தகரத்தில் ஒரு கீறல் இல்லை.

தகரத்துக்குப் பின்னால் ஏதோ கத்துகிற சத்தம். எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கத்து எல்லம்மாவின் நாலு ஆடுகளும் ஒரு குட்டியும் வரிசையாகக் கட்டப்பட்டு, நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தன. எல்லம்மா ஒன்றும் நடக்காத மாதிரி வந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"இன்னிக்கு சுடப் போறாங்கன்னு சொன்னாங்க. எங்க கட்டலாம்னு யோசன பண்ணி, எதுவும் படாத எடமாப் பாத்துக் கட்டிட்டேம்பா."

ஒரு புகார் மனு

கர்னல் துரை வர இரண்டு மாதம் இருந்தபோது என் பொறுமை தீர்ந்தது. இந்தப் படையைப் பார்த்தால் அவர் குதிரையிலிருந்து இறங்கக்கூட மாட்டார் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, சுரங்கத்துத் துரைக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். டோக்கன், தண்டவாள மணி, சோளக்கதிர், ஆடு, தூளிக் கம்பு, ஒன்று விடவில்லை. பெயர் போடவில்லை. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தபோது, ஒரு நல்ல சிப்பாய் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

துரை அதன் தலையில் 'ஹவில்தார் விளக்கம் சொல்லவும்' என்று எழுதிக் கீழே அனுப்பிவிட்டார். ஹவில்தாருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. படையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், எல்லார் வீட்டுக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்வேன். ஆகவே அவர் அந்த மனுவை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து, எதிரே குந்தி, படி என்றார்.

படித்தேன். வேறு வழி? முதல் இரண்டு வரியைக் கொஞ்சம் மழுப்பினேன், அப்புறம் வெட்கம் தாங்காமல் உள்ளதை உள்ளபடியே தமிழில் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் 'ஆமா, நெசந்தான்' என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். தூளிக் கம்பு வந்தபோது மட்டும் தலையாட்டாமல் முண்டாசை அவிழ்த்துக் கட்டினார். முடிந்ததும் காகிதத்தை வாங்கி, அதிலிருந்த எழுத்தை வெகு நேரம் பார்த்தார். அந்த எழுத்தை அவர் தினம் டைம் ஆபீஸ் சீட்டுகளில் பார்த்து வந்தவர்.

"எழுத்து முத்து முத்தா அழகா இருக்குது நைனா. மறுபடி எழுதுனா, கொட்டாயில மழை ஒழுவுது பாரு, அதையும் ஒரு வரி சேத்துக்க."

பத்து நாள்

அந்த மனுவைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. பார்வையிடுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் வழக்கம் போல நானும் தேவசகாயமும் மைதானத்தில் நின்றோம். சின்னப்பன் வந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர். பிறகு மூன்று பேர். பன்னிரண்டு பேரும் உடம்போடு டிரில்லுக்கு வந்து நிற்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சட்டைக்குள் இருந்த தொந்தியை ஹவில்தார் இழுத்துப் பிடித்திருந்தார். "சுபேதாரே, உங்க இங்கிலீசுல சொல்லுங்க, எடம் வலம் எல்லாம்" என்றார். பத்து நாளும் சொன்னேன். வலது கையில் ஆளுக்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டு பழகினார்கள். புளி போட்டுத் துலக்கிய பொத்தான்கள் வெயிலில் கண்ணைக் குத்தின.

சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னும் கடுமையாகக் கத்தினேன். ஓய்வு நேரத்தில் சின்னப்பனிடம், எதற்காக இத்தனை சிரமம் என்று கேட்டேன். அவன் கையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"எங்களுக்கு இது ஒரு வருசத் தொல்ல, போயிடும். உனக்கு ஆயுசுக்கும் ஆச. பத்து நாளு நிமிந்து நின்னா எங்க முதுகு இன்னா ஒடஞ்சா போவப் போவுது?"

கர்னல் துரை

கர்னல் துரை வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்தார். சுரங்கத்துத் துரை கூட நடந்தார். பன்னிரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்றோம். ஹவில்தார் உத்தரவு சொன்னார், எல்லாரும் வலப்பக்கம் திரும்பினார்கள், ஒருவர்கூடத் தப்பவில்லை. எனக்குப் பக்கத்தில் சின்னப்பன் மூச்சுக்கூட விடாமல் நின்றான். கர்னல் துரை குதிரையிலிருந்து இறங்கி, வரிசையின் ஒரு முனையிலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு பேர்தான்.

அப்போது சுரங்கத்துச் சங்கு ஊதத் தொடங்கியது. ஷிப்டுக்கு ஊதுவது ஒரே நீட்டாக இருக்கும். இது விட்டு விட்டு, நிற்காமல் ஊதியது. கீழே எங்கோ பாறை சரிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டால்தான் அப்படி ஊதுவார்கள். மூன்றாவது ஊதல் முடிவதற்குள் என் இரண்டு பக்கமும் காலியாகிவிட்டது. துப்பாக்கிகளை வீசவில்லை, வரிசையாகத் தரையில் வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஹவில்தார் முன்னால் ஓடினார், ஓடிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சின்னப்பன் பாறைக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை எடுக்க மரக்கிடங்குக்கு, தேவசகாயம் கயிறும் மெழுகுவத்தியும் எடுக்க ஸ்டோருக்கு, மற்றவர்கள் நேரே சாஃப்டுக்கு. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சுரங்கத்துத் துரையும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

நான் நின்றேன். கலைந்து போகலாம் என்று கர்னல் துரை சொல்லவில்லை. உத்தரவு இல்லாமல் அசையாதே என்று அப்பா பத்து வயதிலிருந்து சொல்லி வளர்த்தார். காரணங்கள் இவை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். உண்மையைச் சொன்னால், நாலு அடி தூரத்தில் என் கடிதம் நின்றுகொண்டிருந்தது, அதை விட்டுப் போக மனம் வரவில்லை. சங்கு நிற்கிற வரைக்கும் விறைத்து நின்றேன். கர்னல் துரை தரையில் கிடந்த பதினொரு துப்பாக்கிகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பென்சிலும் காகிதமும் எடுத்தார்.

"பேரைச் சொல்லு. இந்தப் படையில் சிப்பாய் என்று ஒருவன்தான் இருக்கிறான்."

சாயங்காலம்

கீழே மாட்டியவர்கள் மூன்று பேர். மூன்று பேரையும் உயிரோடு மேலே கொண்டுவந்துவிட்டார்கள், ஒருவருக்கு மட்டும் கால் முறிவு. சாயங்காலம் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கொட்டகைக்குத் திரும்பினார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைப் புழுதி. புளி போட்டுத் துலக்கிய பொத்தான்களில் பாதி இல்லை. சின்னப்பன் இடது கையில் துணி சுற்றியிருந்தான். நான் பன்னிரண்டு துப்பாக்கிகளையும் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு, பையில் கடிதத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது.

ஹவில்தார் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கடுதாசி கெடச்சுதா?" என்பதுதான். எடுத்துக் காட்டினேன். கையில் புழுதி என்று அவர் தொடவில்லை. தேவசகாயம் 'தோத்திரம்' என்றான். சின்னப்பன் நல்ல கையால் என் முதுகில் தட்டினான். அவர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதில் பொய் இல்லை, இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நான் வரலியே ஐயா" என்றேன். அவர் வழக்கம் போல நிஜமாகவே யோசித்தார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற தொனியே இல்லாமல், மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"அத்தினி துப்பாக்கியயும் போட்டுட்டு எப்பிடி நைனா எல்லாரும் போவ முடியும்? நீ நிப்பேன்னு தெரிஞ்சுதானே நாங்க தெகிரியமா ஓடுனோம்."

அதற்கப்புறம் பெங்களூர்ப் பட்டாளத்தில் பதினான்கு வருஷம் இருந்தேன்; பொத்தான் மின்னாத சிப்பாய் ஒருவனையும் அங்கே நான் பார்த்ததில்லை, உத்தரவு வருவதற்கு முன்னால் ஓடிய ஒருவனையும் பார்த்ததில்லை.